அரை மணி நேரம் தாமதமானால்

பறப்புத் திட்டப் படிவத்தின் 19ஆம் கட்டம் விமானியிடம் சில விசித்திரமான கேள்விகளைக் கேட்கிறது. உங்கள் விமானம் என்ன நிறம்? டேங்கில் இருக்கும் எரிபொருள் எத்தனை மணி, எத்தனை நிமிடம் தாங்கும்? உள்ளே எத்தனை பேர்? உயிர்காப்பு அங்கியில் விளக்கு உண்டா, தண்ணீரில் கரைந்து பளீரென்று பரவும் சாயம் உண்டா? ரப்பர் படகு இருந்தால் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை பேரைத் தாங்கும், மேலே மூடி உண்டா, அதன் நிறம் என்ன? துருவப் பனி, பாலைவனம், கடல், காடு என்ற நான்கில் எங்கே பிழைத்துக் கிடப்பதற்கான பொருள்களை ஏற்றியிருக்கிறீர்கள்? இல்லாதவற்றை விமானி தன் பேனாவாலேயே அடித்துவிட வேண்டும். பொதுவாக ஒரு சின்ன விமானத்தின் படிவத்தில் இந்தக் கட்டம் அடித்தல்களாகத்தான் இருக்கும்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பதில்களால் ஒரு பயனும் இல்லை. விமானத்தின் பதிவெழுத்து, வகை, வேகம், உயரம், புறப்படும் இடம், வழி, சேரும் இடம் எல்லாம் மேலே உள்ள கட்டங்களில் இருக்கின்றன. அவை செய்தியாக மாறி, பாதையில் உள்ள நிலையங்களுக்குப் போய்ச் சேரும். 19ஆம் கட்டம் அந்தச் செய்தியில் சேராது. படிவத்தை வாங்கிய அலுவலகத்திலேயே தங்கிவிடும். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டால் அதை யாரும் படிக்கப்போவதில்லை. வந்து சேராவிட்டால் மட்டும், மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போகப்போகும் தேடல் குழுவினர் அதைக் கேட்டு வாங்குவார்கள். மலைச்சரிவில் வெள்ளையைத் தேடுவதா, சிவப்பைத் தேடுவதா என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தனியார் விமானி நிரப்பும் பறப்புத் திட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். ஏனென்றால் பலரும் அதை ஓர் அனுமதிச் சீட்டு என்றே நினைக்கிறார்கள்.

பயணிகள் விமானங்களுக்கு அது ஏறக்குறைய உண்மைதான். அவை கருவி விதிகளின்படி பறக்கின்றன. மேகத்துக்குள்ளும் இருட்டுக்குள்ளும் கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பிப் பறப்பவை அவை. எந்த உயரத்தில், எந்தப் பாதையில் போகலாம் என்று தரையில் இருப்பவர் சொல்லாமல் அவை அசைய முடியாது. திட்டத்தைத் தந்தால்தான் அந்த அனுமதியே கிடைக்கும்.

பார்வை விதிகளின்படி பறப்பவர் கதை வேறு. விமானிகள் பேச்சில் இது ‘வி.எஃப்.ஆர்’. இங்கே மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு விமானியின் கண்ணுடையது. எனவே சட்டம் முதலில் கண்ணைத்தான் பாதுகாக்கிறது. தனியார் விமானிகள் மிக அதிகமாக உள்ள நாடான அமெரிக்காவில், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளியின் பெரும்பகுதியில் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது முன்னால் குறைந்தது 3 மைல் தூரம் தெரிய வேண்டும். மேகத்துக்கு 500 அடி கீழேயோ, 1,000 அடி மேலேயோ, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளியோதான் இருக்கலாம். மேகத்துக்குள்ளிருந்து கருவிகளை நம்பி ஒருவர் திடீரென்று வெளிப்பட்டால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விலகச் சில விநாடிகளாவது கிடைக்கட்டும் என்பதற்கே இந்த இடைவெளி. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் ஒரே உயரத்தில் போகும்போது, கிழக்குப் பாதியை நோக்கிப் போகிறவர் 5,500, 7,500 என்று ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடியையும், மேற்குப் பாதிக்குப் போகிறவர் 4,500, 6,500 என்று இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடியையும் பிடிக்க வேண்டும். எதிரெதிரே வருபவர்களுக்கு இடையில் ஓராயிரம் அடி தானாகவே அமைந்துவிடும். அந்த 500 அடி, முழு ஆயிரங்களில் பறக்கும் கருவி விதிக்காரர்களிடமிருந்தும் அவர்களைப் பிரித்துவைக்கிறது.

இவ்வளவையும் எழுதிவைத்த அதே சட்டம், உள்நாட்டுக்குள் பார்வை விதியில் பறப்பவர் திட்டம் தந்தே ஆக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில்லை. வேறு சிலவற்றை மட்டும் கட்டாயமாக்குகிறது. வானிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும்; ஓடுபாதை நீளத்தை அறிந்திருக்க வேண்டும்; நினைத்தபடி போக முடியாவிட்டால் மாற்று என்ன என்று யோசித்திருக்க வேண்டும்; சேருமிடத்தை அடைந்த பிறகும் பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்து முடித்தவர் தாளில் பாதித் திட்டத்தைப் போட்டுவிட்டார். ஆனால் அந்தத் தாள் அவருடைய மடியிலேயே இருக்கிறது. அதை இன்னொருவரிடம் கொடுக்கிறாரா என்பது அவர் விருப்பம்.

கொடுப்பதால் என்ன ஆகிவிடும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. நான்கு பேர் அமரலாம். ஏறக்குறைய 110 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 204 கிலோமீட்டர். டேங்க் நிறைந்திருந்தால் ஐந்து மணி நேரம் பறக்கும் என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒருவர் இதில் கிளம்பித் திரும்பவில்லை என்றால், காற்றைக் கணக்கில் எடுக்காமலேயே, புறப்பட்ட இடத்தைச் சுற்றி 1,019 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் அவர் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 32.6 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய 32.9 லட்சம்தான்.

இப்போது அதே விமானி 200 கடல் மைல் தொலைவில் உள்ள ஓர் ஊரின் பெயரையும், எந்த ஊர்கள் வழியாகப் போகிறார் என்பதையும் எழுதிவிட்டுப் போனார் என்று கொள்வோம். பாதையின் இருபுறமும் 10 கடல் மைல் தேடுவது என்று முடிவெடுத்தால், பார்க்க வேண்டிய இடம் 14,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இருநூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆரம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். பாதை தெரிந்துவிட்டால் அந்த வட்டம் ஒரு பட்டையாகச் சுருங்குகிறது. படிவத்தில் ‘வழி’ என்ற ஒரு வரி செய்கிற வேலை இது.

இந்தக் கணக்கின் நிஜ வடிவத்தை 2007இல் உலகமே பார்த்தது. ஸ்டீவ் ஃபாசெட் சாதாரண விமானி அல்லர். 2002இல் பலூனில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். 2005இல் எங்கும் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல், தனியாளாக விமானத்தில் உலகைச் சுற்றியவரும் அவரே. 2007 செப்டம்பர் 3 காலையில், நெவாடா மாநிலத்தில் ஓட்டல் அதிபர் பாரன் ஹில்டனின் பண்ணையிலிருந்து, இரண்டு பேர் அமரும் சூப்பர் டெக்காத்லான் விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார் என்பதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பறப்புத் திட்டம் எதுவும் தரவில்லை. அந்த மாதிரிப் பயணத்துக்குச் சட்டம் கேட்கவும் இல்லை.

அவர் திரும்பவில்லை. எந்தத் திசையில் போனார் என்றே யாருக்கும் தெரியவில்லை. தேடல் சுமார் 52,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. சிவில் ஏர் பேட்ரோல் என்ற தன்னார்வ அமைப்பின் விமானங்கள் பறந்தன. செயற்கைக்கோள் படங்கள் சிறு துண்டுகளாக இணையத்தில் வைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து அவற்றை அலசினார்கள். பாலைவனத்தில் வேறு பழைய விமானச் சிதைவுகள் கண்ணில் பட்டன. அவருடையது மட்டும் கிடைக்கவில்லை. 2008 பிப்ரவரியில் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. அந்தச் செப்டம்பர் கடைசியில், கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் ஊருக்கு அருகே மலையேறிக்கொண்டிருந்த ஒருவர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்தார். இரண்டு நாளில் சிதைவும் கிடைத்தது. பண்ணையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தெற்கே, சியரா நெவாடா மலைத்தொடரில், 10,000 அடி உயரத்தில். விமானம் ஏறும் வேகத்தைவிட வேகமாகக் கீழிறங்கிய காற்றில் அவர் சிக்கியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பறப்புத் திட்டம் ஃபாசெட்டைக் காப்பாற்றியிருக்காது. மோதிய கணத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ‘திட்டம் தாருங்கள், உயிர் பிழையுங்கள்’ என்ற ரீதியில் சில பயிற்சிப் புத்தகங்கள் எழுதுவதை நான் ரசிப்பதில்லை. ‘தெற்கே, மாமத் லேக்ஸ் வரை’ என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடியது ஓராண்டுத் தேடலும், அவருடைய மனைவியின் ஓராண்டுக் காத்திருப்பும், மலைகளுக்கு இடையே தாழப் பறந்த தேடல் விமானிகள் ஏற்றுக்கொண்ட ஆபத்தும்.

உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு வேறு இடத்தில் வருகிறது. 1967 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் வடக்கே டிரினிட்டி மலைகளில் ஒரு செஸ்னா 195 விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் பிழைத்தார்கள். குடும்பத் தலைவர் உதவி தேடி நடந்துபோனார், திரும்பவில்லை. தாயும் பதின்வயது மகளும் பனிக்கு நடுவே விமானத்திலேயே தங்கி நாட்குறிப்பு எழுதினார்கள். அது ஏழு வாரங்களுக்கு மேல் நீள்கிறது. அக்டோபரில் ஒரு வேட்டைக்காரர் அந்த இடத்துக்கு வந்தபோது நாட்குறிப்புதான் மிஞ்சியிருந்தது. இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு, 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் பெரும்பாலான சின்ன விமானங்களில் அவசர வானொலிக் கருவி இருந்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. மோதலின் அதிர்வில் தானாக விழித்து, உதவி கேட்டு ஒலிபரப்பும் கருவி அது. 1982இல் ஒரு செயற்கைக்கோள் முதன்முதலாக அப்படிப்பட்ட குரலைக் கேட்டு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூன்று பேரை மீட்க உதவியது. ஆனாலும் கருவி தவறக்கூடியது. மோதலில் அதன் ஆன்டெனா அறுந்தால் குரல் எழாது. விமானம் தண்ணீரில் மூழ்கினாலும் அப்படித்தான். தாளில் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு அந்தப் பலவீனம் கிடையாது.

திட்டத்தின் உயிர்நாடியே அந்த நேரம்தான். ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், காணாமல்போன விமானத்தை மூன்று படிகளில் பார்க்கின்றன: ஐயம், எச்சரிக்கை, ஆபத்து. கடைசியாகத் தெரிவித்த இறங்கும் நேரத்திலிருந்து 30 நிமிடம் கடந்தும் விமானம் வரவில்லை என்றால் ஐயம் தொடங்குகிறது. தொலைபேசிகளும் வானொலியும் பதில் தராவிட்டால் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கணக்கு சொன்னால் ஆபத்து. எரிபொருள் எத்தனை மணி தாங்கும் என்று 19ஆம் கட்டம் கேட்டது இதற்காகத்தான். அந்த எண் இல்லாவிட்டால், ஒருவர் இன்னும் எங்கோ பறந்துகொண்டிருக்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்று தீர்மானிக்க வழியில்லை.

1999 ஜூலை 16 இரவு முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் மகன், மனைவியையும் அவருடைய சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்ஸியிலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குக் கிளம்பினார். பார்வை விதி, திட்டம் இல்லை. புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகியிருக்கும். மூட்டத்தில் தொடுவானம் தெரியாத கடலின் மேல் மேல்கீழ் உணர்வு குழம்பி விமானம் நீரில் விழுந்தது. குடும்ப நண்பர் ஒருவர் கடலோரக் காவல் படையை அழைத்தபோது மணி நள்ளிரவு 2:15. விபத்துக்கும் அந்த அழைப்புக்கும் இடையே நான்கரை மணி நேரம். இங்கேயும் தாள் ஒன்று உயிரைக் காத்திருக்காது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பது அந்த நான்கரை மணி நேரத்தில் தெரிகிறது.

ஒப்படைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் பார்வை விதித் திட்டத்தை அனுப்பினால் மட்டும் போதாது. புறப்பட்டதும் ‘ஃபிளைட் சர்வீஸ்’ என்ற சேவைக்குச் சொல்லி அதைத் திறக்க வேண்டும். திறக்காத திட்டம் வெறும் தாள். இறங்கிய பிறகு விமானியே மூட வேண்டும். கோபுரத்தில் இருப்பவர் நம்மைக் கண்ணால் பார்த்து, ஓடுபாதையில் இறக்கிவிட்டாலும், திட்டத்தை அவர் தானாக மூடமாட்டார். மூட மறந்தால்? அரை மணி நேரம் கழித்துத் தேடல் தொடங்கும். முதலில் தொலைபேசி. பிறகு யாராவது ஒருவர் விமான நிறுத்துமிடத்தில் நடந்து, வால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போவார். பல ‘காணாமல்போன’ விமானங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன: கயிற்றில் கட்டப்பட்டு, உறை போர்த்தப்பட்டு, விமானி எங்கோ இரவுச் சாப்பாட்டில். சில விமானிகள் கைக்கடிகாரத்தை மற்ற கைக்கு மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். மூடிய பிறகுதான் பழைய கைக்கு.

மறதிகூடப் பரவாயில்லை. பொய்யாகத் தந்த திட்டம் என்ன செய்யும் என்பதற்கு 1987 மே 28ஐப் பார்க்க வேண்டும். மாத்தியாஸ் ரஸ்ட் என்ற ஜெர்மானிய இளைஞர், இன்னும் 19 வயது ஆகவில்லை, ஹெல்சிங்கியின் மால்மி விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 ஒன்றில் கிளம்பினார். திட்டத்தில் எழுதியது ஸ்டாக்ஹோம். சிறிது நேரத்தில் கிழக்கே திரும்பினார். வானொலியில் பதில் இல்லை. பின்லாந்து ரேடாரிலிருந்து மறைந்தார். விழுந்துவிட்டார் என்றே பின்லாந்து நினைத்தது. மீட்புக் குழு கடலுக்குப் போனது. தண்ணீரில் ஓர் எண்ணெய்ப் படலம்கூடத் தென்பட்டது. அவரோ சோவியத் வான்பாதுகாப்பின் நடுவே பறந்து, மாலையில் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கினார். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தன் பாதுகாப்பு அமைச்சரை நீக்கியதை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பொய் வரியை நம்பிக் கடலைத் துழாவிய பின்லாந்துக்காரர்களை அது அவ்வளவாகச் சொல்வதில்லை.

திட்டம் கட்டாயமாகும் இடங்களில் அதன் குணமே மாறிவிடுகிறது. நாட்டு எல்லையைத் தாண்டினால் பொதுவாக அது வேண்டும். அமெரிக்கக் கரையோர வான்பாதுகாப்பு வளையத்துக்குள் நுழையவும் வேண்டும். வாஷிங்டன் நகரைச் சுற்றி 30 கடல் மைல் ஆரத்துக்குள் பறக்கவும் வேண்டும். 2005 மே மாதம் ஒரு செஸ்னா 150 வழிதவறி வெள்ளை மாளிகைக்கு மூன்று மைல் அருகே வந்து, போர் விமானங்களைக் கிளப்பி, நாடாளுமன்றக் கட்டடத்தையே காலி செய்ய வைத்தது. 2009இல் வாஷிங்டனைச் சுற்றிய அந்த வளைய விதி நிரந்தரமானது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வளையத்துக்காகத் தரும் தனித் திட்டத்துக்குத் தேடல் சேவை கிடையாது. அது முழுக்க முழுக்க காவலுக்கானது. நாம் எங்கே விழுந்தோம் என்று அதைக் கொண்டு யாரும் தேடமாட்டார்கள். நாம் யார் என்று மட்டும் பார்ப்பார்கள். தன்னைத் தேடவும் வேண்டும் என்று நினைக்கும் விமானி இரண்டாவதாக ஒரு சாதாரணத் திட்டத்தையும் தர வேண்டும்.

இந்தியாவில் தேடலும் காவலும் ஒரே தாளில் கலந்திருக்கின்றன. சூரியன் மறைந்தபின் இங்கே பார்வை விதியில் பறப்பதற்குப் பொதுவாக அனுமதியில்லை. பகலிலும், சில விதிவிலக்குகள் தவிர, விமானப்படை தரும் வான்பாதுகாப்பு அனுமதி எண் இல்லாமல் சின்ன விமானம்கூட ஊர்விட்டு ஊர் போக முடியாது. தென்னிந்தியாவில் சென்னையில் உள்ள பறப்புத் தகவல் மையத்திலிருந்து இன்னோர் எண்ணும் வாங்க வேண்டும். அமெரிக்க விமானி தன் விருப்பப்படி விட்டுச்செல்லும் குறிப்பு, இங்கே எண்கள் கிடைக்கும்வரை சக்கரத்தை நகரவிடாத ஆவணம். பாதுகாப்புக்கு இது நல்லதா என்று கேட்டால், தேடல் கோணத்திலிருந்து மட்டும் பார்த்தால் நல்லதுதான். தனியார் பறத்தல் இங்கே ஏன் வளரவில்லை என்பதற்கான பல காரணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த விதி கனடாவுடையது. புறப்பட்ட இடத்திலிருந்து 25 கடல் மைலுக்குள் சுற்றுபவரை அது கேள்வி கேட்பதில்லை. அதைத் தாண்டினால், பார்வை விதியானாலும் ஏதாவது ஒன்றை விட்டுச்செல்லத்தான் வேண்டும். பறப்புத் திட்டமாக அதிகாரிகளிடம் தரலாம். இறங்கும் நேரம் கடந்து ஒரு மணி நேரத்தில் தேடல் தொடங்கும். அது வேண்டாம் என்றால் பயணக் குறிப்பாகப் ‘பொறுப்பான ஒருவரிடம்’ தரலாம். மனைவியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், ஏரிக்கரை விடுதியின் காவலாளியாகக்கூட இருக்கலாம். விமானம் வராவிட்டால் உடனே அதிகாரிகளுக்குச் சொல்ல அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. இந்த வழியில், விமானி வேறு நேரம் குறித்திராவிட்டால், 24 மணி நேரம்வரை காத்திருப்பார்கள். தொலைபேசி எட்டாத வடக்கு ஏரிகளில் மிதவை விமானத்தை இறக்கி மீன்பிடிக்கப் போகிறவருக்கு இந்த நீண்ட கெடு வசதி. காலொடிந்து சரிவில் கிடப்பவருக்கு அதே கெடு ஓர் இரவுக் குளிர். எந்தக் கெடுவை எழுதுவது என்பதை, உடம்பு நன்றாக இருக்கும்போதே, கிளம்பும் முன் விமானி முடிவுசெய்தாக வேண்டும்.